கரண்ட் இல்லாத லயத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிதார்

கொடைக்கானல் மலையில் பள்ளங்கிக்கு மேலே, சீகைக்காட்டு ஓரத்தில், நாற்பது வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் கரண்ட் கிடையாது. கம்பம் நட்டுக் கம்பி இழுத்துத் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று தேர்தல் போய்விட்டது. அந்த லயத்தின் பதினேழாவது காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், அரிசிப் பானைக்கும் கம்பளிக் குவியலுக்கும் நடுவே, ஒரு எலெக்ட்ரிக் கிதார் இருந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதைதான் என்று ஊர் சிரித்தது. ஊருக்கென்ன, சிரிக்கும். கிதாரின் சொந்தக்காரி வீரம்மா அந்தச் சிரிப்பில் ஒரு நாளும் சேர்ந்துகொண்டதில்லை.

வீரம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். எழுபத்து நாலில், பத்தொன்பது வயதில், தாய் தகப்பனோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினாள். தாயகம் திரும்பியவர்கள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எங்கிருந்து போனோம் என்றே தெரியாதவர்கள் எங்கே திரும்புவது? கடைசியில் கொடைக்கானல் மலையில் ஆள் வேண்டும் என்றார்கள், வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் குளிர், இங்கேயும் குளிர். அங்கே கொழுந்து பறித்தார்கள், இங்கே சீகை என்கிற வாட்டில் மரத்தின் பட்டையை உரித்தார்கள். தோல் பதனிடுகிற ஆலைகளுக்கு அந்தப் பட்டை போகும். உரிக்கிறவர்களின் கை அதன் சாறு பட்டுப் பட்டுக் கறுத்துப்போகும்; எந்தச் சோப்புக்கும் அது போகாது. வந்த இரண்டாம் வருஷம், அதே கறுத்த கையோடு இருந்த பிச்சையாவுக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். அவனும் கப்பலில் வந்தவன்தான். அதிகம் பேசாதவன். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு பீடி குடித்து முடித்துவிடுவான்.

காட்டு வேலைக்கு மயில்சாமி என்று ஒரு மேஸ்திரி. பழைய ஸ்கூட்டர் ஒன்றில் வருவார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏலே சிலோன், அந்தக் கட்டத் தூக்கு. ஏ சிலோனு, இங்க என்ன பேச்சு?" என்பார். ஆணுக்கும் பெண்ணுக்கும் கிழவருக்கும் அதே பெயர்தான். எல்லோரும் கேட்டுக்கொண்டு போவார்கள். வீரம்மாவும் கேட்டுக்கொண்டு போவாள். ஆனால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று திரண்டு வந்து தொண்டையில் நிற்கும். அது கோபம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதால் தீராது, திட்டினால் மறுநாள் வேலை இருக்காது.

எழுபத்தேழில் செண்பகனூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் வீட்டு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் டேனிக்குப் பதினேழு வயது. மகா சோம்பேறி. குளிக்க மாட்டான், முடியை வெட்ட மாட்டான். மத்தியானம் ஒரு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். வீரம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கையில் அந்த அறையிலிருந்து முதல் தடவை அந்தச் சத்தம் வந்தது. கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்து உடைந்தது. தொரைசாணியம்மா ஓடிவந்து மகனைத்தான் திட்டினாள், தம்ளரை மறந்துபோனாள்.

அது பாட்டு மாதிரியே இல்லை. தரைப் பலகை அதிர்ந்தது. கனமாக, கிழிந்துபோய், உறுமிக்கொண்டு வந்தது. நிறுத்தி நிறுத்தி, அடக்கி அடக்கி, பிறகு திறந்துவிட்டு அடித்தான். வீரம்மா ஈரக் கையோடு அப்படியே நின்றாள். தன் தொண்டையில் இத்தனை நாளாக நின்றுகொண்டிருந்தது வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இப்படித்தான் இருக்கும். இதேதான்.

அன்றிலிருந்து அவள் டேனியின் அறையைப் பெருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு மாதா கோயிலையே பெருக்கியிருக்கலாம். பெருக்கிய இடத்தையே பெருக்குவாள். கண் மட்டும் அவன் விரலில் இருக்கும். கறுப்புக் கிதார், மேலே இரண்டு பக்கமும் கூரான கொம்பு. ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் இரண்டு தடித்த கம்பிகளில் வைத்து, அந்த விரல் கோலம் கலையாமலே மேலும் கீழும் இழுத்துக்கொண்டு போவான். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பியின் அடியில் லேசாக வைத்து அமுக்கிக்கொண்டு தட்டுவான். அப்படித் தட்டினால் சத்தம் உறுமும். கையை எடுத்தால் அலறும். ஒரு வருஷம் கழித்துத்தான் அவள் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"வீரம்மா, புடிக்கும்?" என்றான் தன் உடைசல் தமிழில்.

"ம்ம்."

"இது ஹெவி. ஹெவி!" என்று நெஞ்சில் குத்திக் காட்டினான். பிறகு கிதாரை அவள் கையில் கொடுத்தான். குழந்தையை வாங்குவது போல வாங்கியவள் அதன் எடையில் அசந்துபோனாள். உள்ளே குடைவே இல்லாத முழு மரம். விறகுக் கட்டையைப் போலக் கனத்தது. இரண்டு விரலையும் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். கிதாரின் ஒயர் போய்ச் சேர்கிற, மூலையிலிருந்த சத்தப் பெட்டி உறுமியது. அவள் கை பட்டு உறுமியது. ஒரே ஒரு தட்டு. பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எழுபத்தொன்பது மே மாதம் அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. மூட்டை கட்டுகிற அமளியில் கட்டில்மேல் கிடந்த கிதார் விழுந்து, முறுக்காணிகள் இருக்கிற தலைப்பகுதி கழுத்திலிருந்து முறிந்து தொங்கியது. டேனி அழுதே விட்டான். சத்தம் வருகிற பெட்டியை ஏற்கெனவே யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். உடைந்த மரத்தைக் கப்பலில் சுமக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். "வீரம்மா, ஃபயர்வுட்டுக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்றாள் தொரைசாணியம்மா. நல்ல மனசுக்காரிதான், எதைக் கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. டேனி, கிதாரைப் பெட்டியோடு சேர்க்கிற கறுப்பு ஒயரைச் சுருட்டி அவள் கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டான்.

செண்பகனூரில் கோயில் பெஞ்சும் சவப்பெட்டியும் செய்கிற சோலைமலை ஆசாரியிடம் அதைக் கொண்டுபோனாள். ஆசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீணையா?"

"அது மாதிரிங்க."

"குடத்தக் காணோமே. குடமில்லாம சத்தம் எங்கேருந்து வரும்?"

"கரண்டுலேருந்து வரும்ங்க."

"ஒங்க லயத்துல கரண்ட் ஏது?"

ஆசாரி சிரித்துக்கொண்டே வஜ்ரம் காய்ச்சினார். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கிற பசை. நாற்றம் குடலைப் பிடுங்கும். முறிந்த இடத்தில் தடவி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, நான்கு நாள் வைத்திருந்து கொடுத்தார். "வஜ்ரம் புடிச்ச எடம் இனி விடாது. இருந்தாலும் கம்பிய ரொம்ப முறுக்காத தாயி, கழுத்து தாங்கணும்ல" என்றார். அதனால் அவள் கம்பிகளைத் தளர்த்தியே வைத்தாள். தளர்த்தியதில் சத்தம் டேனி வைத்திருந்ததைவிடக் கீழே இறங்கிவிட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னும் கனம்.

கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிதாரின் சத்தம் என்பது சுவரில் ஊர்கிற பல்லியின் சத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அடுப்பில் சோறு கொதித்தால் அதுவும் கேட்காது. ஒரு நாள் தற்செயலாகக் கிதாரின் கொம்பில் தாடையை வைத்தபடி தட்டினாள். மரத்தின் அதிர்வு எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் வாசிப்பது எல்லாம் தாடையை வைத்துத்தான். காட்டிலிருந்து திரும்பி, உலை வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் அரை மணி நேரம். அவள் கைக்குத் தெரிந்த தாளம் ஒன்றே ஒன்றுதான்: அங்கே தோட்டத்தில் விடியலில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற பெரட்டுத் தப்பு. பிறந்த நாளிலிருந்து அதைக் கேட்டுத்தான் கண் விழித்தவள். அந்த அடியை உள்ளங்கையால் அமுக்கித் தட்டுவாள், இரண்டு விரலை மேலும் கீழும் இழுப்பாள். பக்கத்துக் காம்பரா சின்னத்தாயி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வீரம்மாவுக்குப் பல்லு வலி போல, மரக்கட்டையில வச்சு ஒத்தடம் குடுக்குறா" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பிச்சையா ஒன்றும் சொன்னதில்லை. "அது என்னா புள்ள?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். "சத்தம்ங்க" என்றாள். "ஒண்ணும் கேக்கலியே" என்றான். "கரண்ட் வந்தா கேக்கும்." அவன் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டான். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் வீரம்மாவின் ஏக்கம் முடியவில்லை. சில நாள் அவளுக்கு அது பசியைவிட மோசமாக இருந்தது. பசிக்குக் கஞ்சியாவது குடிக்கலாம். மயில்சாமி மேஸ்திரி "ஏ சிலோனு" என்று கூப்பிட்ட நாளில் காட்டிலிருந்து ஓடி வருவாள். தாடையை வைத்து வெறிகொண்டு தட்டுவாள். உள்ளே எல்லாம் இடிகிற மாதிரி இருக்கும். தலையைத் தூக்கினால் காம்பராவில் ஒரு சத்தமும் இருக்காது, மகள் மாரியாயி தூளியில் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது ஊர் கேட்க வெளியே வர வேண்டும். அதற்கு மேல் அவள் சாமியிடம் எதையும் கேட்கவில்லை.

கொடைக்கானல் பனிக்கு இரும்பு தாங்காது. கம்பிகள் துருவேறி ஒவ்வொன்றாக அறுந்தன. எண்பத்திரண்டில் தடித்த கம்பிகள் மூன்றுமே போய்விட்டன. மெல்லிய கம்பிகளில் இரண்டு மட்டும் செவசெவ என்று தொங்கின. அந்த வருஷம் மாரியாயிக்கு மொட்டை போடப் பழனிக்கு இறங்கினார்கள். மொட்டையடித்து, சந்தனம் பூசி, அடிவாரத்துக்கு வந்தபோது ஒரு கடையில் ஜால்ராவும் மிருதங்கமும் தொங்குவதைப் பார்த்தாள். வீணைக்கம்பி இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் இரண்டு சுருளை எடுத்துப் போட்டார்.

"இரும்பு வேணுங்களா, பித்தளை வேணுங்களா?"

வீரம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை பிடிக்காது. எந்த வீட்டில் குத்துவிளக்கு துருப்பிடித்திருக்கிறது? தடித்த பித்தளைக் கம்பியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு மலையேறினாள். மாட்டித் தட்டிப் பார்த்தாள். தாடையில் கும்மென்று ஏறியது. பச்சை படிந்தால் புளி போட்டுத் தேய்ப்பாள், பொன்போல மின்னும். லயத்திலேயே பளபளப்பான பொருள் அதுதான். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. மூன்று வருஷம் அந்தப் பெருமை நீடித்தது.

எண்பத்தைந்து வைகாசியில் லயத்து மாரியம்மன் கோயிலுக்கு முதல் முறையாக மைக்செட் வைத்துத் திருவிழா கும்பிடுவது என்று முடிவானது. அதுவரை ஒரு கொட்டும் ஒரு குழலும்தான். பழனியிலிருந்து ஞானவேல் என்பவர் லாரியில் ஜெனரேட்டர், பழைய வால்வு செட், இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுவந்தார். குழாய்களைத் தைல மரத்தின் உச்சியில் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கட்டினார்கள். ஜெனரேட்டர் திமுதிமுவென்று ஓட ஆரம்பித்தபோது வீரம்மா மாவிடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். லயத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தாள். கறுப்பு ஒயரைத் தகர டப்பாவிலிருந்து எடுத்தாள். புதுச் சேலை கட்டிக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஞானவேல் "அலோ மைக் டெஸ்டிங்" சொல்லி முடித்திருந்த நேரம், கிதாரை ஏந்திக்கொண்டு போய் அவர்முன் நின்றாள். பின்னாலேயே லயமும் வந்தது. தேங்காய் உடைக்க இருந்த பூசாரிகூட வந்தார்.

"அண்ணே, இத ஒங்க செட்டுல சொருகித் தாங்கண்ணே. ஒரு நிமிசம் போதும்."

ஞானவேல் நாற்பது வயசுக்காரர். சினிமாவில் இந்த மாதிரிக் கிதாரைப் பார்த்திருக்கிறார். அவருக்கும் ஆசைதான். ஒயரைச் செட்டில் செருகினார். குழாயில் இரைச்சல் கேட்டது. வீரம்மா இரண்டு விரலை வைத்தாள். ஆறு வருஷமாக மண்டைக்குள் கேட்டது இப்போது மலை முழுக்கக் கேட்கப்போகிறது. கண்ணை மூடித் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினாள். ஓங்கித் தட்டினாள். குழாயில் இரைச்சல் மட்டும் இருந்தது. துருப்பிடித்த மெல்லிய கம்பியில் கை பட்டபோது மட்டும் கொசு கத்துவது போல ஒரு கீச்சுச் சத்தம் வந்து அடங்கியது. யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். திருவிழாப் பார்க்க வந்திருந்த மயில்சாமி, "ஏ சிலோனு, கட்டைய அடுப்புல வையி, நல்லா எரியும்" என்றார். வீரம்மா குனிந்து கம்பிகளைப் பார்த்தாள். அப்படியென்றால் இத்தனை நாள் வாசித்தது என்ன? செத்த கட்டையில் தாடையை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தோம்? சின்னத்தாயி சொன்ன பல்வலிக் கதைதான் உண்மையா?

ஞானவேல் மட்டும் சிரிக்கவில்லை. ரிப்பேர்க்காரருக்கு உயிர் போன சாமானைக் கண்டால் கை சும்மா இருக்காது. திருப்புளியை எடுத்து, கம்பிகளுக்கு அடியில் இருந்த கறுப்புக் கட்டியின்மேல் டக்கென்று தட்டினார். மர உச்சியில் இடி விழுந்தது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

"உசுரு இருக்கு தங்கச்சி" என்றார். திருப்புளி அந்தக் கட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது. "பாத்தீங்களா, காந்தம். இரும்பு ஆடுனாத்தான் இதுக்குத் தெரியும். நீங்க பித்தளையில்ல போட்டு வச்சிருக்கீங்க. காந்தத்துக்குப் பித்தளை ஆகுமா?"

"துருப்புடிக்காதுன்னு போட்டேண்ணே."

"துருப்புடிக்காது. பேசவும் பேசாது."

"இப்ப என்னண்ணே செய்யிறது?"

"இரும்புக் கம்பி வேணும். தடியா, முறுக்குக் கம்பியா இருக்கணும். இந்தக் காட்டுல எங்க போவீங்க? நாளைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனதும் எனக்குச் சோலி முடிஞ்சுது, வெரசா எறங்கிருவேன்."

வீரம்மா கிதாரைத் தூக்கிக்கொண்டு காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பொங்கல் வைக்கவும் வரவில்லை, மாவிளக்கு எடுக்கவும் வரவில்லை. சாமி கும்பிடாமல் கட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று லயம் பேசியது. பிச்சையா வாசலில் உட்கார்ந்து நாலு பீடி குடித்தான். ஐந்தாவதைப் பற்ற வைக்காமல் எழுந்து எங்கேயோ போனான்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் மடியில் எதுவோ வந்து விழுந்தது. கருநிறக் கிரீசு அப்பிய இரண்டு கம்பிகள். புரி புரியாக முறுக்கிய இரும்புக் கம்பிகள். ஒரு முனையில் ஈயக் குண்டு.

"இது ஏதுங்க?"

"கேக்காத."

அவள் முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல் வாடை.

"மேஸ்திரி ஸ்கூட்டருதா?"

"ஒண்ணு கிளச்சு. ஒண்ணு முன் பிரேக்கு. பின் பிரேக்கு இருக்கு, அதெல்லாம் சாக மாட்டாரு" என்றான் பிச்சையா. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் மூச்சுவிடாமல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கம்பி அப்படியே கிதாருக்குத் தடிமன் அதிகம். வீரம்மா பட்டைக் கத்தியால் வெளிப்புரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெட்டி எடுத்தாள். நடுவே ஏழு புரி சேர்ந்து முறுக்கிய கரு மட்டும் நின்றது. அதுதான் சரியான தடிமன். ஈயக் குண்டு கிதாரின் அடியில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றையும் அப்படியே செய்தாள். விரல் எல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. சீகைச் சாறு ஏறிய தோல்; அதற்கு அது ஒரு பொருட்டில்லை. ஆசாரி சொன்ன சொல்லை நினைத்துக்கொண்டு, கழுத்து தாங்குகிற அளவுக்கே முறுக்கினாள். கம்பியின் சத்தம் புழுதியில் புரள்கிற ஆழத்துக்கு இறங்கி நின்றது.

மஞ்சள்நீர் முடிந்து, ஞானவேல் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். லயம் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தது. மயில்சாமி, ராத்திரி முழுக்க அங்கேயே நின்ற ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டு, கிளச்சைப் பிடிக்க, அது தொளதொளவென்று வந்ததும் "ஏலே சிலோனுகளா, எவன்டா கை வச்சது?" என்று கத்திக்கொண்டிருந்தார். கிதாரோடு ஓடி வந்த வீரம்மாவைப் பார்த்ததும் ஞானவேல் சுருட்டுவதை நிறுத்தினார். கம்பியைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், ஒயரை வாங்கிச் செருகினார்.

அவள் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. உள்ளங்கை ஓரத்தைக் கம்பியின்மேல் வைத்து அமுக்கினாள். தட்டினாள்.

தைல மரம் உறுமியது. வால்வு செட்டுக்கு அது தாங்காத சத்தம். தாங்காததால் சத்தம் கிழிந்து, கரகரத்து, இரண்டு மடங்கு கனமாகிக் குழாய் வழியே பாய்ந்தது. டேனியின் பெட்டியிலிருந்து வந்தது இதன் தம்பி என்றுதான் சொல்ல வேண்டும். வீரம்மா அந்தத் தாளத்தை ஆரம்பித்தாள். அமுக்கி, அமுக்கி, விட்டு. அமுக்கி, அமுக்கி, விட்டு. கையை எடுத்தபோதெல்லாம் அது அலறிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவர்கள் சிரிக்கவில்லை. கஞ்சிச் சட்டியோடு உட்கார்ந்திருந்த கருப்பம்மாள், அறுபது வயது, சடக்கென்று எழுந்து நின்றாள். "பெரட்டுத் தப்பு" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். அங்கே பிறந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். கூப்பிட்டால் எழுந்து நின்று பழகிய உடம்பு. பிச்சையாவின் கை இடுப்பில் வேலைக்கு எடுத்துப் போகிற கத்தியைத் தேடியது. ஆனால் இந்தத் தப்பை அடிப்பது வேலை வாங்குகிற தோட்டத்துக் கங்காணி இல்லை, வீரம்மா. எவரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்று மயில்சாமியைப் பார்த்தார்கள். அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன கத்துகிறார் என்று ஒருவர் காதிலும் விழவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை ஒருவர் காதிலும் விழவில்லை.

"தங்கச்சி, கொழாய் கிழியுது!" என்று கத்தினார் ஞானவேல்.

"கிழியட்டும்ண்ணே!" என்று கத்தினாள் வீரம்மா.

அவர் கை திருகின்மேல் போனது. போய், அப்படியே நின்றது. ஒரு நிமிஷம் கேட்டவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார். பிறகு செட்டிலிருந்து கருகல் வாடை வரவே, மனசில்லாமல் திருகைக் குறைத்து, ஜெனரேட்டரை நிறுத்தினார். வீரம்மாவின் கை அதற்கப்புறமும் தட்டிக்கொண்டிருந்தது. பழையபடி பல்லிச் சத்தம். எதிர்மலை ஓய்ந்துவிட்டது.

ஒருவரும் கைதட்டவில்லை. அது கைதட்டுகிற விஷயமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. மயில்சாமி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். கருப்பம்மாள் ஆறிய கஞ்சியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னத்தாயி வந்து கிதாரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஞானவேலின் ஆட்கள் மரத்திலிருந்து குழாய்களை இறக்கினார்கள். அடுத்த வருஷம் வருவாரா என்று வீரம்மா கேட்டாள். "செட்டு பொழச்சா வரேன் தங்கச்சி. இல்லேன்னா புதுசுதான் வாங்கணும். இப்பல்லாம் கிழியாத செட்டு வந்துருச்சு" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு வேண்டியிருந்ததோ அந்தக் கிழிசல்தான்.

பிச்சையா பக்கத்தில் வந்து குந்தினான். பீடியை எடுக்கவில்லை.

"இம்புட்டு வருசமா நீ கேட்டுக்கிட்டு இருந்தது இதத்தானா?"

"இல்லங்க. இது இல்லாமத்தான் இருந்தேன்."

அவன் தலையாட்டினான். லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக் கயிறு போட்டார்கள். வண்டி ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. பழனிச் சாலையின் முதல் வளைவில் அது திரும்புகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரம்மாவின் கை கம்பியின்மேலேயே இருந்தது. பிச்சையா மெதுவாகக் கேட்டான்.

"நாளையிலேருந்து எப்பிடி புள்ள இருப்ப?"

அவள் அப்போதுதான் அழுதாள்.